பட்டாசு ஆலைகளில் பேரிடர் தயார்நிலை குறித்த கோரிக்கை மனு

பெறுநர்: மாவட்ட ஆட்சியர் மற்றும் மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத் தலைவர், விருதுநகர்.

நகல்: தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம், சிவகாசி வெடிபொருள் கட்டுப்பாட்டு அலுவலகம், தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறை, பொது சுகாதாரத் துறை.

பொருள்: சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரப் பட்டாசு ஆலைகளில் இடி மின்னல், மழை, தீ, வெடிப்பு ஆகியவற்றை எதிர்கொள்ளும் ஏற்பாடுகள்.

பட்டாசு ஆலை விபத்து பெரும்பாலும் ஒரே வெடிப்போடு முடிவதில்லை. ஓர் அறையில் பற்றிய வெடிமருந்து அடுத்த அறைக்கும், அங்கிருந்து சேமிப்பு அறைக்கும் தாவுவதற்குச் சிறிது நேரம் ஆகும். அந்த இடைவெளியில் யார் எங்கே நிற்கிறார்கள் என்பதைப் பொறுத்தே சாவு எண்ணிக்கை கூடுகிறது அல்லது குறைகிறது. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டி பட்டாசு ஆலையில் முதல் வெடிச்சத்தம் கேட்டதும் சுற்றியிருந்த ஊர்க்காரர்கள் உதவிக்கு ஓடினார்கள். அதன்பின் நடந்த பெருவெடிப்பு அவர்களையும் சேர்த்துக் கொண்டுபோனது. ஏறக்குறைய 40 பேர் இறந்தனர். அவர்களில் பலர் அந்த ஆலையின் தொழிலாளர்களே அல்லர். 2016 அக்டோபர் 20 அன்று சிவகாசி நகரில் பட்டாசுக் கிடங்கில் தீப்பிடித்தபோது, பக்கத்திலிருந்த ஸ்கேன் மையத்துக்குள் புகை புகுந்து, பரிசோதனைக்கு வந்தவர்கள் மூச்சுத்திணறி இறந்தார்கள். முதல் தீப்பொறியைத் தடுப்பது குறித்து விதிகளும் ஆய்வுகளும் நிறைய உண்டு. அதற்குப் பிந்தைய நிமிடங்களுக்கு இந்த வட்டாரத்தில் போதிய ஏற்பாடு இல்லை என்பதே எங்கள் பட்டாசுத் தொழிலாளர் சங்கத்தின் முறையீடு.

இத்தகைய விபத்து சிவகாசியில் மட்டும் நேர்ந்ததன்று. 2000 மே 13 அன்று நெதர்லாந்தின் என்ஸ்கெடே நகரில், குடியிருப்புகளுக்கு நடுவே இருந்த பட்டாசுக் கிடங்கு வெடித்து 23 பேர் இறந்தனர். அவர்களில் 4 பேர் தீயணைப்பு வீரர்கள். உள்ளே இருந்த சரக்கு எவ்வளவு வீரியமானது என்று தெரியாமலேயே அவர்கள் கிடங்கை நெருங்கியிருந்தார்கள்.

போபால் நச்சுவாயுக் கசிவுக்குப் பின் 1987-இல் தொழிற்சாலைச் சட்டம் திருத்தப்பட்டது. அபாயகரமான ஆலைகள் அவசரகாலத் திட்டம் வகுத்துத் தொழிலாளர்களுக்கும் சுற்றுப்புற மக்களுக்கும் தெரிவிக்க வேண்டும் என்ற கடமை அப்போது வந்தது. அபாயகரமான வேதிப்பொருள்கள் பற்றிய 1989-ஆம் ஆண்டு விதிகள் ஆலைக்கு உள்ளும் வெளியும் தனித்தனித் திட்டம் கேட்டன. வேதிப்பொருள் விபத்துகள் பற்றிய 1996-ஆம் ஆண்டு விதிகள் மாவட்ட, உள்ளூர் அளவில் நெருக்கடிக் குழுக்களை அமைக்கச் சொல்லின. 2005-ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டம் ஆட்சியரின் தலைமையில் மாவட்ட ஆணையத்தை ஏற்படுத்தியது. ஆனால் இந்த வேதிப்பொருள் விதிகள் இருப்பின் அளவை வைத்துப் பேராலைகளை நோக்கி எழுதப்பட்டவை. சிவகாசியில் இருப்பவை சிறு ஆலைகள். தனித்தனியே எடுத்தால் பல ஆலைகள் அந்த அளவுகோலுக்குள் வருவதில்லை. பக்கத்துப் பக்கத்தில் பல ஆலைகள் இயங்கும் ஊரில் அபாயம் மட்டும் பேராலைக்குக் குறைந்ததாக இல்லை. ஆகவே உரிமம் வெடிபொருள் துறையின் நாக்பூர் அலுவலகம், சென்னை அலுவலகம், மாவட்ட வருவாய் அலுவலர் (டி.ஆர்.ஓ.) என எவரிடம் பெறப்பட்டதானாலும், அருகருகே உள்ள ஆலைகளை ஒரே தொகுப்பாகக் கொண்டு, ஊராட்சிவாரியாக ஒரு வெளித்திட்டம் வகுக்கப்பட வேண்டும் என்று சங்கம் கோருகிறது.

இயற்கைச் சீற்றங்களில் இத்தொழிலுக்கு முதல் எதிரி மின்னல். வறண்ட வானிலைதான் இந்தத் தொழிலை இங்கே வளர்த்தது. ஆனால் சித்திரை, வைகாசியின் கோடை இடிமழையும், தீபாவளிக்கு முந்தைய புரட்டாசி, ஐப்பசி மழையும் வேலை மும்முரமாக நடக்கும் நாட்களிலேயே வருகின்றன. இடிதாங்கிகளை ஆண்டுக்கு ஒருமுறை சோதிப்பது வழக்கமான கடமை. அந்தச் சான்றின் நகல் வாயிலிலேயே ஒட்டப்பட வேண்டும். இடிதாங்கி இருந்தாலும், இடி முழங்கும்போது மருந்து அறையில் ஆள் இருக்கக் கூடாது. மின்னல் நெருங்குவதை 20 முதல் 40 கிலோமீட்டர் சுற்றளவுக்கு முன்கூட்டிச் சொல்லும் ‘தாமினி’ செயலியைப் புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் உருவாக்கியுள்ளது. ஆனால் ஆலைக்குள் கைப்பேசிக்கு அனுமதி இல்லை. அது சரியான தடையே. அப்படியானால் கைப்பேசிக்கு வரும் எச்சரிக்கை அறைக்குள் குனிந்து மருந்து செலுத்தும் பெண்ணுக்கு எப்படி எட்டும்? வாயிலுக்கு வெளியே உள்ள அலுவலகத்தில் எச்சரிக்கையைக் கவனிக்கவென்றே ஒருவர் நியமிக்கப்பட வேண்டும். இடிமழையில் மின்சாரம் போய்விடும் என்பதால், கையால் சுற்றும் சங்கு ஒவ்வோர் ஆலையிலும் இருக்க வேண்டும்.

சங்கு ஒலித்தாலும் எழுந்து போகத் தயங்குபவர்கள் உண்டு. பெரும்பாலோர் செய்த எண்ணிக்கைக்கேற்பக் கூலி தரும் பீஸ் ரேட்டில் வேலை செய்கிறார்கள். ஒரு மணி நேரம் வெளியே நின்றால் அன்றைய கூலியில் துண்டு விழும். இடி எச்சரிக்கையால் நிறுத்தப்படும் நேரத்துக்குச் சராசரிக் கூலி வழங்க வேண்டும் என்று உத்தரவிடாதவரை மற்ற ஏற்பாடுகள் பாதிப் பயனே தரும். இந்த மனுவில் சங்கம் மிகவும் வலியுறுத்துவது இதையே.

மழை வேறு வகையில் ஆபத்து. அலுமினியப் பொடி கலந்த மருந்தில் ஈரம் பட்டால் உள்ளுக்குள் வேதிவினை நடந்து சூடு ஏறும். ஹைட்ரஜன் வாயுவும் வெளிப்படும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஓடு ஒழுகி இரவெல்லாம் நனைந்த மருந்தைக் காலையில் கிளறும்போது பற்றிக்கொள்கிறது. கலந்த மருந்தை அன்றன்றைக்கே தீர்க்க வேண்டும், மிச்சம் வைக்கக் கூடாது என்பது போர்மேன்கள் அனைவரும் அறிந்ததே. மழை பெய்த மறுநாளும், விடுமுறைக்குப் பிறகு திறக்கும் நாளும், பயிற்சி பெற்ற போர்மேன் ஒவ்வோர் அறையையும் பார்த்து எழுதிக் கையொப்பமிட்ட பிறகே தொழிலாளர்கள் உள்ளே செல்ல வேண்டும்.

தீ பற்றியபின் மீட்புக்கு வருபவர்கள் கேட்கும் கேள்விகள் இரண்டு: உள்ளே எத்தனை பேர், எந்த அறையில் என்ன இருக்கிறது. அறைகள் உள்குத்தகைக்கு விடப்பட்ட இடங்களில் இரண்டுக்கும் விடை கிடைப்பதில்லை. வருகைப் பதிவேட்டில் இல்லாத ஆள் இடிபாட்டுக்குள் இருந்தால் தேடவும் ஆள் இராது. எனவே அன்றைய ஆள் கணக்கு, அறைவாரியான சரக்கு விவரம், ஆலையின் வரைபடம் ஆகிய மூன்றும் வாயிலுக்கு வெளியே தனிப் பெட்டியில் நாள்தோறும் வைக்கப்பட வேண்டும். தண்ணீர் பீய்ச்சக் கூடாத அறைகளை வரைபடத்தில் சிவப்பில் குறிக்க வேண்டும். மரத்தடியிலும் நடைபாதையிலும் உட்கார வைத்து வேலை வாங்குவது தப்பியோடும் வழியை அடைப்பதால், ஆய்வுகளில் அது தனிக் குற்றமாகப் பதியப்பட வேண்டும்.

ஊர்மக்களுக்கு ஒரு செய்தி தெளிவாகப் போய்ச் சேர வேண்டும்: வெடிச்சத்தம் கேட்டால் ஆலையை நோக்கி ஓடக் கூடாது. சொந்தத் தாயோ மகளோ உள்ளே இருக்கும்போது இதை வெறும் அறிவிப்பால் சாதிக்க முடியாது. ஒவ்வொரு ஆலைக்கும் பாதுகாப்பான தூரத்தில் ஒரு கூடுமிடம் முன்பே குறிக்கப்பட்டு, தப்பி வந்தவர்களின் பெயர்கள் அங்கே உடனுக்குடன் வாசிக்கப்பட்டால்தான் உறவினர்கள் நிற்பார்கள். கிராமத்திலிருந்து தொழிலாளர்களை ஏற்றிவரும் வேன் ஓட்டுநர்களையும் ஊராட்சிப் பிரதிநிதிகளையும் இந்தப் பணிக்குப் பழக்கலாம்.

தீக்காயம் பட்டவர்மேல் முதல் இருபது நிமிடம் குளிர்ந்த ஓடும் நீர் ஊற்றுவதே அடிப்படை முதலுதவி. அறைகளுக்கு எட்டிய தூரத்தில் குழாயுடன் தொட்டி வேண்டும். கடும் காயம் பட்டவர்கள் இன்றும் மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்கு அனுப்பப்படுகிறார்கள். அது சிவகாசியிலிருந்து ஏறத்தாழ 75 கிலோமீட்டர். உடல்நீர் வற்றும் நிலையில் உள்ளவருக்கு நெடும்பயணம். சிவகாசி அரசு மருத்துவமனையின் தீக்காயப் பிரிவிலும், 2022 முதல் இயங்கும் விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் பிளாஸ்டிக் அறுவை மருத்துவர், தோல் ஒட்டுச் சிகிச்சை, தீவிரச் சிகிச்சைப் படுக்கைகள் ஆகியவை முழுநேரமும் இருக்க வேண்டும். பருவகாலத்தில் சாத்தூருக்கும் வெம்பக்கோட்டைக்கும் கூடுதல் 108 வாகனங்கள் நிறுத்தப்பட வேண்டும்.

ஒத்திகை இல்லாத திட்டம் அலுவலகக் கோப்போடு நின்றுவிடும். ஆனைக்குட்டத்தில் உள்ள பட்டாசு ஆராய்ச்சி மற்றும் மேம்பாட்டு மையத்தின் துணையோடு தமிழில் பயிற்சிப் பாடம் தயாரித்து, போர்மேன்களோடு நிறுத்தாமல் அறையில் அமர்பவர்களுக்கும் நடத்த வேண்டும். பயிற்சி நாளுக்கும் கூலி வழங்கப்பட வேண்டும். ஆண்டுக்கு இரண்டு ஒத்திகைகள், முதலாவது சித்திரைக்கு முன், இரண்டாவது தீபாவளி உற்பத்தி உச்சமடையும் ஆவணிக்கு முன், தீயணைப்புத் துறை, மருத்துவமனை, பக்கத்து ஊர்மக்கள் பங்கேற்க நடைபெற வேண்டும். இவற்றை மேற்பார்வையிட, தொழிலாளர் பிரதிநிதிகளும் பெண் தொழிலாளர்களும் இடம்பெறும் உள்ளூர் நெருக்கடிக் குழுவை அமைத்து, அதன் முதல் கூட்டத்தின் நாளையும் இடத்தையும் ஆலை வாயில்களில் அறிவிக்குமாறு சங்கம் கேட்டுக்கொள்கிறது.