பெருங்குடல் புற்றுநோய்: கரைந்த கட்டி திரும்பி வருவது ஏன்?

கோலார் தங்கவயலில் சுரங்கம் 2001 பிப்ரவரி 28-ல் மூடப்பட்டது. அதன்பிறகு வேலையோ பெரிய வைத்தியமோ, பலருக்கும் மாரிக்குப்பத்தில் ரயில் ஏறி பெங்களூரு போவதுதான் வழி. ஒரு நாள் போனால் ஒரு நாள் கூலி போச்சு. அதனால் மலத்தில் ரத்தம் வந்தாலும், "மூலமா இருக்கும், மோர் குடிச்சா சரியாயிடும்" என்று தள்ளிப்போடுவது எளிது. அது ஏன் ஆபத்து?

ஸ்டெம் செல்லின் பங்கு என்ன?

குடலின் உட்பூச்சு சில நாட்களுக்கு ஒருமுறை புதிதாகிறது. அதற்கான செல்களை உருவாக்குபவை, குடல் சுவரின் நுண்குழிகளுக்கு அடியில் இருக்கும் ஸ்டெம் செல்கள். இவற்றில் ஏபிசி என்ற மரபணு செயலிழந்தால் கட்டி தொடங்குவதை, 2009-ல் ஹான்ஸ் கிளெவர்ஸ் குழு எலிகளில் காட்டியது.

கட்டிக்குள்ளும் எல்லா செல்லும் ஒன்றல்ல. நோயாளிகளின் கட்டியில் இருந்த சிறு பகுதி செல்கள்தான் எலிகளில் புதிய கட்டியை உருவாக்கின என்று, 2007-ல் கனடா, இத்தாலி ஆய்வுகள் தெரிவித்தன. கீமோதெரபி வேகமாகப் பெருகும் செல்களை அழிக்கும். இவற்றில் சில தப்பிவிடலாம். கோரையை மேலே அறுத்தாலும் கிழங்கு மண்ணுக்குள் இருக்கிற கதைதான்.

இவற்றை மட்டும் அழித்தால் போதாதா?

போதாது. 2017-ல் எலிகளில் இந்த செல்களை அழித்தபோது குடல் கட்டியின் வளர்ச்சி நின்றது. ஆனால் கட்டி மறையவில்லை. அழிப்பதை நிறுத்தியதும் மற்ற செல்கள் அந்த இடத்தைப் பிடித்தன. அதேசமயம், கல்லீரலுக்கு நோய் பரவ இந்த செல்கள் அவசியம் என்பதும் தெரிந்தது. இவற்றைக் குறிவைக்கும் மருந்து இன்னும் வழக்கமான சிகிச்சைக்கு வரவில்லை.

தங்கவயல் என்ன செய்யலாம்?

சுரங்கத்தின் சிலிக்கா தூசு நுரையீரல் புற்றுநோயை உண்டாக்கும் என்பது உறுதியானது. பெருங்குடலுக்கோ வயது, குடும்பத்தில் நோய், புகை, மது, உடல் பருமன் ஆகியவையே முக்கிய ஆபத்துகள். சுரங்கத்தில் இறங்காதவர்களுக்கும் இது வரலாம்.

அரசின் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம் வாய், மார்பகம், கருப்பைவாய் மூன்றுக்கு மட்டுமே. பெருங்குடலுக்கு நாமாகத்தான் கேட்க வேண்டும். சாதாரண தசைமொட்டு புற்றாக மாறப் பெரும்பாலும் பல ஆண்டுகள் ஆகும். கொலோனோஸ்கோப்பியின்போதே அதை வெட்டி எடுத்துவிடலாம்.

மலத்தில் ரத்தம், மலம் கழிப்பதில் நீடிக்கும் மாற்றம், காரணமில்லாத சோகை இருந்தால் மூலம்தானா என்பதை மருத்துவர் சொல்லட்டும். நோய் கல்லீரலை எட்டிய பிறகு போகும் ரயில் செலவு ஒரு நாள் கூலியோடு நிற்காது.