பேயின் காதலும் பெண்ணின் விடையும்

காதற் கதையின் தலைவன் என்றால் அழகன், ஆற்றலன், செல்வன். தலைவி என்றால் மெல்லியள், காக்கப்பட வேண்டியவள். நெடுங்காலம் நிலைத்திருந்த இவ்வாய்பாட்டை உடைத்தெறிந்து விட்டதாக மார்தட்டிக் கொள்கின்றது, அமெரிக்காவினின்று உலகெங்கும் பரவியுள்ள பேய்க்காதற் புதினம். அதன் தலைவன் பிறர் குருதியை உண்டு சாவின்றி வாழும் குருதியுண்ணியாயிருப்பான். அன்றேல் ஓநாயாய் உருமாறுபவனாயிருப்பான். தலைவியும் பிறர் அஞ்சி ஒதுக்கும் ஏதேனுமோர் ஆற்றல் உடையவளாயிருப்பாள். தலைவனும் தலைவியும் மாறினர், ஒப்புக்கொள்ளலாம். ஆயின் காதல் மாறிற்றா? வினா இதுவே.

இவ்வகைக் கதைகளுக்கெல்லாம் தாய் எனத்தக்கது 'அழகியும் விலங்கும்' என்னும் பிரஞ்சுக் கதை. வில்நேவ் அம்மையார் 1740-இல் விரிவாக எழுதிய அதனை, ஆசிரியப் பணியாற்றிய பொமோன் அம்மையார் 1756-இல் சுருக்கி இளையோர்க்கென வெளியிட்டார். தந்தை பறித்த ஒரு மலருக்கு ஈடாக மகள் விலங்கின் மாளிகைக்கு வருகின்றாள். அவ்வருகை தன் விருப்பாலானதன்று. அக்கதையின் கறை அது. ஆயினும் அதன்பின் நிகழ்வதைக் காண்க. இம்மாளிகைக்குத் தலைவி நீயே, யான் இருத்தல் பிடிக்கவில்லையாயின் சொல், உடனே அகல்வேன் என்கின்றது விலங்கு. மாலைதோறும் தன்னை மணக்க இசைவாளா எனக் கேட்கின்றது. இல்லை என்கின்றாள். பெருமூச்செறிந்து வெளியேறுகின்றது. மறுநாளும் வினா, மறுநாளும் மறுப்பு. அவள் பிரிந்தால் தான் மாய்வது உறுதி என்றறிந்தும், தந்தையைக் காண விரும்பியவளை அனுப்பி வைக்கின்றது. கோரைப்பல்லும் கூருகிரும் உடைய அவ்வுயிர், 'இல்லை' என்னும் சொல்லுக்கு மதிப்பளித்தது. அதனாற்றான் அவள் மனமுவந்து 'ஆம்' என்றபோது அச்சொல்லுக்கும் மதிப்பிருந்தது.

இனி, இக்காலப் புகழ்பெற்ற பேய்த்தலைவன் ஒருவனைக் காண்க. இசுடெபனி மேயர் 2005-இல் வெளியிட்ட 'துவைலைட்டு' என்னும் புதினமும் அதன் தொடர்ச்சிகளும் 10 கோடிப் படிகளுக்குமேல் விற்றவை. அவற்றின் தலைவன் எட்வர்டு 1901-இல் பிறந்து, 1918-இல் கொள்ளைக் காய்ச்சலில் சாகக் கிடக்கையில் குருதியுண்ணியாக்கப்பட்டவன். அகவை 17-இலேயே நின்றுவிட்டவன். மாந்தர் குருதியை வெறுத்து விலங்கின் குருதியால் உயிர் வாழ்பவன். தன் வேட்கையைத் தானே அடக்கும் அவ்வுறுதி பாராட்டத்தக்கதே. ஆனால், பேரழகனும் பெருஞ்செல்வனுமாகிய அவன் இரவில் பெல்லா என்னும் பெண்ணின் அறைக்குள் அவளறியாமற் புகுந்து, அவள் உறங்குவதைப் பார்த்திருக்கின்றான். 2007-இல் வந்த மூன்றாம் நூலில், அவள் தன் நண்பனைக் காணச் செல்லாதவாறு அவளது வண்டியின் உறுப்பொன்றைக் கழற்றி வைக்கின்றான். இவையனைத்தும் அவளைக் காக்கவே என்பது கதை கூறும் அமைதி.

அங்கே விலங்கு கேட்டது. இங்கே அழகன் கேட்கவில்லை. அங்கே கதவு திறந்திருந்தது. இங்கே வண்டி முடக்கப்பட்டது. புறத்தே பேயாக்கப்பட்ட இத்தலைவன், அகத்தே பெண்ணைத் தன் உடைமையெனக் கருதிய பழைய ஆடவனே அல்லனோ? பல்லை நீட்டிவிட்டால் மட்டும் புதுமை வந்துவிடாது.

உண்மைப் புதுமை இவ்வகைப் புதினங்களில் இல்லாமலில்லை. சார்லைன் ஆரிசு 2001 முதல் 2013 வரை 13 புதினங்களில் படைத்த சூக்கி, லூசியானா நாட்டுப்புறத்தில் உணவகப் பணிப்பெண். பிறர் எண்ணங்களெல்லாம் இடையறாது அவள் செவியில் இரைவதால், ஊரார் அவளைப் பித்தி என்பர். குருதியுண்ணியாகிய பில்லின் உள்ளம் மட்டும் அவளுக்குக் கேட்பதில்லை. அவ்வமைதியே அவளை அவன்பால் ஈர்க்கின்றது. அவன் குருதியைக் களவாட வந்தோரிடமிருந்து அவனை மீட்பவளும் அவளே! பின்னொரு நூலில், அவன் முதன்முதல் தன்னை நாடியது தன் தலைமையின் ஏவலால் என்றறிந்த அன்றே அவனை விலக்குகின்றாள். ஏமாற்றிப் பெற்ற இசைவு இசைவாகாது என்பதை இதனினும் தெளிவாகச் சொல்ல இயலுமோ?

பெட்ரிசியா பிரிக்சு 2006-இல் படைத்த மெர்சியோ வண்டி பழுதுபார்க்கும் கைவினைஞர். அமெரிக்கத் தொல்குடித் தந்தைக்குப் பிறந்தவள். சிறு ஓநாயாக உருமாறுபவள். கட்டளையிட்டே பழகிய ஓநாய்த்தலைவன் அவளுக்கு அண்டை வீட்டான். அவன் அதட்டும்போதெல்லாம், அவன் கண்ணில் படுமாறு நிறுத்திய பழைய வண்டியை மேலும் அலங்கோலமாக்கி விடையிறுக்கின்றாள். ஆற்றல் மிக்கவன்முன் தன் சொல்லை இழவாதவள் அவள்.

'இவை வெறும் பொழுதுபோக்கு. கற்பனை எது, வாழ்க்கை எது எனப் படிப்போர் அறியாரோ?' என்பார் உளர். அறிவர். பேய் இல்லை என்பதை எந்த இளம்பெண்ணும் அறிவாள். ஆயின், ஒளிந்து பார்ப்பதே அன்பு, வழிமறிப்பதே காவல் என்பதனைக் கற்பனையென்று ஒதுக்க அவளுக்கு எவர் கற்பிக்கின்றனர்? பேய் கதையோடு போய்விடும். காதலைப் பற்றிய கருத்தோ கதை முடிந்தபின்னும் நெஞ்சில் தங்கும்.

இயல்புக்கு மாறான தலைவி தமிழுக்குப் புதியவள் அல்லள். ஐஞ்சிறுகாப்பியங்களுள் ஒன்றான நீலகேசியின் தலைவி பழையனூர்ப் பேய். அரசன் மகளின் உருக்கொண்டு சமண முனிவரை மயக்க முயன்றாள்; அவர் உண்மை உணர்ந்து கொண்டார். மயக்கு தோற்ற இடத்தில் அறிவை ஏற்றாள்; பிற சமயத்தாரைச் சொற்போருக்கழைத்து வென்றாள். அது காதற் காப்பியம் அன்று. ஆயினும் ஒரு பேய்மகளைத் தலைவியாக்கியபோது, அவளுக்கு அழகைவிடச் சொல்லாற்றலையே அணியாகத் தந்தது.

பேய்க்காதல் எழுதுவோர் எழுதுக; படிப்போர் படிக்க. ஆயின் கதையைக் கையிலெடுக்கும் இளையோர் ஒன்றை மட்டும் உசாவுக: இத்தலைவன் அவளைக் கேட்டானா? அவள் 'இல்லை' என்றபோது ஒதுங்கினானா? ஒதுங்கினானாயின், அவனுக்கு வாலும் கொம்பும் இருப்பினும் அவன் மாந்தன். ஒதுங்கவில்லையாயின், அவன் எத்துணை அழகனாயினும் அவனே பேய்!