தண்டவாளம் போட்டவன் எங்கே?

'சுழல்' (2022) ஒரு கௌபாய் கதைதான்னு சொன்னா, அல் கூஸ் கேம்ப்பில் அறை நண்பர்கள் சிரிக்கிறாங்க. "குதிரை எங்கே அண்ணே?"

குதிரை வேண்டாம். ரயில்பாதைக்குப் பதில் சிமெண்ட் ஆலை, ஷெரிஃபுக்குப் பதில் சப்-இன்ஸ்பெக்டர். ஒரே வித்தியாசம்: கிளின்ட் ஈஸ்ட்வுட் வேலை முடிந்ததும் ஊரைவிட்டுப் போய்விடுவார். கதிர் நடித்த சர்க்கரை உள்ளூர்க்காரர். தெரிந்த முகங்களையே விசாரிக்க வேண்டும்.

வேலைநிறுத்தம் நடக்கும் ஆலை எரிகிறது. அதே இரவு காணாமல்போன நிலாவைத் தேடிக் கதை போய்விடுகிறது. சரிதான். ஆனா அடுத்த மாதச் சம்பளத்துக்கு அந்தத் தொழிலாளிகள் என்ன செஞ்சாங்க? கௌபாய் படங்களும் தண்டவாளம் போட்டவனைப் பெரிதாய் விசாரிப்பதில்லை. பாலைவனத்தில் ஊர் கட்டும் நமக்கு முதலில் தோன்றுவது அந்தக் கேள்விதான்.