முதலில் மருந்து, பிறகு நோய்

இந்திய மருந்தியல் துறைகளில் ஒரே அச்சில் வார்த்த ஆய்வேடுகள் பெருகுகின்றன. சுண்டெலிக்குச் சில நாள்கள் ஒரு தாவரச் சேர்மம் ஊட்டப்படுகிறது. அதன் பிறகே லிப்போபாலிசாக்கரைடு ஊசியால் மூளையில் அழற்சி தூண்டப்படுகிறது. அழற்சிப் புரதங்கள் குறைகின்றன. நீர்த்தொட்டியில் எலி மேடையை விரைந்து கண்டடைகிறது. உடனே முடிவுரையில் அல்சைமருக்கு நம்பிக்கை பிறந்துவிடுகிறது. நோய் வருமுன்பே மருந்துண்ணத் தொடங்கிய அல்சைமர் நோயாளி எந்த மருத்துவமனையில் இருக்கிறார்?

மஞ்சளின் குர்குமின் ஒன்றே போதும். 1997இல் அமெரிக்க மஞ்சள் காப்புரிமையை இந்தியா ரத்து செய்ய வைத்தது நியாயமான வெற்றி. ஆனால் அது, புண்ணாற்றும் மஞ்சளை யார் முன்பே அறிந்திருந்தார் என்பதற்கான தீர்ப்பு. மூளைக்கு மருந்தா என்பதற்கானதன்று. 2012இல் வெளியான அமெரிக்கச் சோதனை ஒன்றில் 36 அல்சைமர் நோயாளிகள் பங்கேற்றனர். நாளொன்றுக்கு 4 கிராம் வரை, 24 வாரங்கள் கொடுத்தும் பயன் தென்படவில்லை. குருதியில் சேர்ந்ததும் சொற்பமே. குர்குமின் ஒளிரும், பல புரதங்களோடு ஒட்டும், ஆகவே ஆய்வகச் சோதனைகளில் பொய் விடையும் தரும் என்று 2017இல் வேதியியலாளர்கள் விரிவாக எழுதினர். அதன் பிறகும் அச்சு மாறவில்லை.

இயற்கைச் சேர்மங்கள் வீண் என்பதல்ல வாதம். பனித்துளிப் பூச்செடியில் கிடைத்த காலன்டமின் 2001இல் அமெரிக்காவில் அல்சைமர் மருந்தாக ஏற்கப்பட்டது. நோயை அது நிறுத்தாது, அறிகுறியைச் சற்றே தணிக்கும். அது தடுக்கும் நொதி எதுவெனத் தெரியும். மனிதரிடம் அளவும் சோதிக்கப்பட்டது.

நோய் தொடங்கிய பின் மருந்தூட்டுவதும், மூளையில் அதன் செறிவை அளப்பதும் கடினமல்ல. கடினமானது வேறு: பயனில்லை என்ற முடிவோடு வரும் மாணவரிடம், "வேறு செடி எடு" என்று சொல்லாத நெறியாளர்.