பார்க்காத சேனலுக்குப் பணம் எதற்கு?

விரும்புகிற சேனலுக்கு மட்டும் பணம் கட்டினால் போதும் என்று சொல்லி, 2019ஆம் வருஷம் பிப்ரவரியில் நாடெங்கும் ஒரு புதிய கேபிள் கட்டண முறை அமுலுக்கு வந்தது. உத்தரவு போட்டது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய். இனிமேல் சந்தாதாரருக்கே அதிகாரம் என்று பறைசாற்றினார்கள். அந்த அதிகாரம் என்ன ஆயிற்று? இரவு ஷிப்டு முடித்து வந்து அரைமணி நேரம் செய்தி பார்க்கிற ஆலைத் தொழிலாளியும், பகலெல்லாம் நாற்று நட்டுவிட்டு வந்து ஒரு தொடர் பார்க்கிற தாயும், தங்கள் ஆயுளில் திறந்து பாராத சேனல்களுக்கு மாதா மாதம் தண்டம் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

கூலிக்கும் குத்தகைக்கும் போராடுகிறவர்கள் டி.வி. சேனலைப் பற்றியா பேசுவது என்று சில நண்பர்கள் கேட்கக்கூடும். பேசத்தான் வேண்டும். போராடி வாங்கிய கூலி உயர்வு முன்வாசல் வழியாக வருகிறது. விலைவாசியும் கட்டணமும் அதைக் கொல்லைப்புறமாகக் கொண்டுபோய்விடுகின்றன. முன்வாசலில் காவல் இருந்துவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து போடுகிறவன் புத்திசாலி அல்ல. மேலும், உழைத்துக் களைத்தவனுக்குச் செய்தியும் பாட்டும் நாடகமும் ஆடம்பரம் என்று சொல்ல எவனுக்கும் யோக்கியதை கிடையாது.

நாம் திட்டவட்டமாகச் சொல்கிறோம்: பார்க்கிற சேனலுக்கு மட்டும் பணம் என்பது நியாயமான கோரிக்கை. ஆனால் அந்தப் பெயரில் இன்று நம் தலையில் கட்டப்பட்டிருப்பது வேறு சரக்கு.

வாசற்படிக்கே கட்டணம்

சந்தைக்குப் போகிறோம். கத்தரிக்காய் வாங்குவதற்கு முன்பே, சந்தைக்குள் காலை வைத்ததற்கு ஒரு தொகையை எடுத்து வை என்கிறான் குத்தகைக்காரன். ஒப்புக்கொள்வோமா? கேபிள் விஷயத்தில் ஒப்புக்கொள்ள வைத்துவிட்டார்கள்.

2019ஆம் வருஷத்து முறையில் முதலில் கட்ட வேண்டியது நெட்வொர்க் கட்டணம். 100 சேனல் வரைக்கும் மாதம் 130 ரூபாய் வரை வாங்கலாம் என்றார்கள். அதன்மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. வரி. ஆக 153 ரூபாய் 40 காசு. ஒரு கட்டணச் சேனல்கூட வேண்டாம், இலவசச் சேனல்கள் போதும் என்றாலும் இதைக் கட்டியாக வேண்டும். நமக்கு வேண்டியது பத்தே சேனல் என்றாலும் நூறு சேனலுக்கான தொகைதான். விரும்பியதற்கு மட்டும் பணம் என்ற பேச்சு முதல் படியிலேயே பொய்யாகிவிட்டது.

இந்தத் தொகை எவ்வளவு பெரியது? 2019-20ஆம் வருஷத்தில் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு நிர்ணயித்த தினக்கூலி 229 ரூபாய். மண்வெட்டி பிடித்து ஒரு நாள் முழுக்க வேலை செய்தவரின் கூலியில் மூன்றில் இரண்டு பங்கு வாசற்படிக்கே போய்விட்டது! கட்டணச் சேனலுக்கு அதற்குமேல் தனிப்பணம்.

இதே தமிழ்நாட்டில் 2011ஆம் வருஷம் அரசு கேபிள் நிறுவனம் 70 ரூபாய்க்கு இணைப்புக் கொடுத்தது. சர்க்கார் மனம் வைத்தால் குறைந்த கட்டணத்தில் கொடுக்க முடியும் என்பதற்கு அதுவே சாட்சி. 2006ஆம் வருஷம் தொடங்கி ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்குச் சர்க்கார் இலவசமாகக் கலர் டி.வி. கொடுத்தது. பெட்டி இலவசமாக வந்தது. பெட்டிக்குத் தீனி போடும் செலவு மட்டும் மாதா மாதம் ஏழையின் கணக்கில் ஏறியது.

இரண்டு மரக்கால்

அந்தக் காலத்து மிராசுதாரிடம் இரண்டு மரக்கால் இருக்கும். குத்தகை நெல் அளந்து வாங்க ஒன்று. கூலி நெல் அளந்து போட இன்னொன்று. சேனல் முதலாளிகளிடமும் இரண்டு மரக்கால் இருக்கிறது. ஒன்று தனிச் சேனலின் விலை. மற்றது பேக்கேஜ் என்ற கட்டின் விலை.

ஓர் உதாரணக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கம்பெனியிடம் பத்து சேனல் இருக்கிறது. நம் வீட்டில் பார்ப்பது இரண்டு. தனியாக வாங்கினால் ஒவ்வொன்றும் 19 ரூபாய். இரண்டும் சேர்ந்து 38 ரூபாய். பத்தையும் சேர்த்துக் கட்டாக எடுத்தால் 40 ரூபாய். இரண்டு ரூபாய்தானே கூடுதல், எட்டு சேனல் லாபம் என்று நாம் கட்டை வாங்குகிறோம். உண்மையில் நடந்தது என்ன? பத்து சேனலை 40 ரூபாய்க்கு விற்று லாபம் பார்க்க முடிகிறவனுக்கு இரண்டு சேனலுக்கு 38 ரூபாய் எதற்கு? அந்தத் தனி விலை விற்பதற்காக வைத்த விலையே அல்ல. தனியாக வாங்க வருகிறவனை விரட்டுவதற்காக வைத்த விலை. தேர்ந்தெடுக்கும் உரிமை காகிதத்தில் இருக்கும். தேர்ந்தெடுத்தால் நஷ்டம் வரும்!

பார்க்காத எட்டு சேனலை நம் வீட்டில் திணிப்பதில் முதலாளிக்கு என்ன ஆதாயம்? அங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. இந்தச் சேனல் இத்தனை லட்சம் வீடுகளுக்குப் போகிறது என்று கணக்குக் காட்டி அவன் விளம்பரக் கம்பெனிகளிடம் பேரம் பேசுகிறான். மணிக்கு 12 நிமிஷம் வரை விளம்பரம் போட கேபிள் டி.வி. விதிகள் இடம் கொடுக்கின்றன. அந்த விளம்பரச் செலவை யார் தருகிறார்கள்? சோப்பு விலையிலும் எண்ணெய் விலையிலும் சேர்த்து நாம்தான் தருகிறோம். காலையில் ஒரு கறவை, மாலையில் ஒரு கறவை. இரண்டு வேளையும் கறக்கப்படுகிற மாடு உழைப்பாளிதான்.

கடிவாளம் போட்டார்கள், கழற்றினார்கள்

இந்தத் தந்திரம் டிராய்க்குத் தெரியாததல்ல. 2017ஆம் வருஷம் மார்ச் மாத உத்தரவிலேயே இரண்டு கடிவாளங்கள் இருந்தன. 19 ரூபாய்க்கு மேல் விலை வைத்த சேனலைக் கட்டில் சேர்க்கக் கூடாது என்பது ஒன்று. கட்டுக்குத் தரும் தள்ளுபடி 15 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது மற்றொன்று. உயிர்நாடி இந்த இரண்டாவது ஷரத்துதான். மேலே சொன்ன உதாரணத்தில் அந்த 38 ரூபாய்ப் பித்தலாட்டம் 15 சதவீத வரம்புக்குள் ஒருநாளும் நடக்காது.

பெருமுதலாளிகள் சும்மா இருந்தார்களா? ஸ்டார் இந்தியாவும் விஜய் தொலைக்காட்சியும் சென்னை ஹைகோர்ட்டுக்குப் போயின. 2018ஆம் வருஷம் அந்த வழக்கில் உத்தரவு பெரும்பாலும் நிலைத்தது. ஆனால் 15 சதவீத ஷரத்து மட்டும் தன்னிச்சையானது என்று அடிபட்டுப் போயிற்று. அதே வருஷம் அக்டோபர் 30ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் டிராயின் அதிகாரத்தை உறுதி செய்தது. வரம்பு மட்டும் திரும்பி வரவில்லை. கடிவாளம் இல்லாத குதிரைதான் 2019-ல் தெருவுக்கு வந்தது.

விளைவு என்ன? முக்கியமான சேனல்கள் பலவற்றுக்கு உச்சவரம்பான அதே 19 ரூபாயை விலையாக வைத்தார்கள். கட்டுகளுக்கு 70 சதவீதம் வரை தள்ளுபடி தரப்படுகிறது என்று டிராயே பின்னால் எழுதியது. பார்வையாளர் அதிகமுள்ள பத்து சேனலைத் தேர்ந்தெடுக்கும் வீட்டுக்கு மாதச் செலவு 230-240 ரூபாயிலிருந்து 300 ரூபாய் அளவுக்கு ஏறும் என்று கிரிசில் நிறுவனமே 2019 பிப்ரவரியில் கணக்குச் சொன்னது. அது தொழிற்சங்கம் அல்ல. முதலாளிகளுக்கு மதிப்பீடு எழுதித் தருகிற நிறுவனம்.

2020 ஜனவரி 1ஆம் தேதி டிராய் மறுபடி உத்தரவு போட்டது. 130 ரூபாய்க்கு 200 சேனல் தரவேண்டும்; கட்டில் சேரும் சேனலின் உச்ச விலை 19-லிருந்து 12 ரூபாய்; தள்ளுபடி வரம்பு 33 சதவீதம். முதலாளிகள் பம்பாய் ஹைகோர்ட்டுக்குப் போனார்கள். 2021 ஜூன் 30ஆம் தேதி தீர்ப்பிலும் உத்தரவின் பெரும்பகுதி நின்றது. அப்படியானால் 12 ரூபாய் வந்ததா? வரவில்லை. 2022 நவம்பரில் டிராய் தானே இறங்கி வந்தது. 12 ரூபாய் மறுபடியும் 19 ஆயிற்று. தள்ளுபடி வரம்பு 33-லிருந்து 45 சதவீதம் ஆயிற்று. கோர்ட்டில் கிடைக்காததை முதலாளிகள் கோர்ட்டுக்கு வெளியே பெற்றார்கள்.

முதலாளிகளின் கதவடைப்பு

2023 பிப்ரவரியில் நடந்ததை உழைப்பாளி மக்கள் மறக்கக் கூடாது. சேனல் விலைகளை உயர்த்தி, புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடு என்றன கம்பெனிகள். கேபிள் நிறுவனங்கள் பல மறுத்தன. பிப்ரவரி 18ஆம் தேதி ஸ்டார், சோனி, ஜீ ஆகிய மூன்று பெரிய குழுமங்களும் அவற்றுக்குச் சிக்னலை நிறுத்தின. கோடிக்கணக்கான வீடுகளில் சேனல்கள் இருண்டன. முன்பணம் கட்டியிருந்த சந்தாதாரரை எவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பஞ்சாலைத் தொழிலாளி பஞ்சப்படி கேட்டு ஒரு நாள் வேலை நிறுத்தம் செய்தால் பொதுமக்களுக்கு இடைஞ்சல் என்று கூக்குரல் எழுப்புகிறார்கள், போலீஸ் வருகிறது, சம்பளம் பிடிக்கப்படுகிறது. மூன்று கம்பெனிகள் விலை உயர்வு கேட்டுக் கோடி வீடுகளை இருட்டடித்தால் அதற்குப் பெயர் வியாபார உரிமை! வர்க்க நியாயம் என்பது இதுதான்.

இங்கே ஒன்றைத் தெளிவாக்க வேண்டும். மாதப் பணம் வாங்க நம் வீட்டு வாசலுக்கு வருகிற கேபிள்காரர் நம் எதிரி அல்ல. நெட்வொர்க் கட்டணத்தில் தனி ஒப்பந்தம் இல்லாவிட்டால் பெரிய கேபிள் நிறுவனத்துக்கு 55 பங்கு, தெருவில் கம்பம் ஏறி வயர் இழுக்கிறவருக்கு 45 பங்கு என்பது விதி. சேனல் விலையை நிர்ணயிப்பதில் அவருக்குக் கடுகளவும் அதிகாரம் இல்லை. அவரோடு சண்டை போட்டால் சிரிப்பவன் மேலே இருக்கிற முதலாளிதான்.

அவர்கள் சொல்லும் சாக்குகள்

கட்டு இல்லாவிட்டால் சிறிய சேனல்கள் செத்துப்போகும் என்பது முதல் சாக்கு. சின்னவன் மேல் என்ன கருணை! கட்டில் இருப்பவை பெரிய கம்பெனியின் சொந்தக் குட்டிச் சேனல்கள். கம்பெனி எதையும் சேராத சிறு சேனலுக்கு அந்தக் கட்டில் இடமே இல்லை. தன் சொந்தச் சரக்கை முட்டுக்கொடுத்து நிறுத்த நம் காசைக் கேட்டுவிட்டு, ஏழைச் சேனலுக்காக அழுவது முதலைக் கண்ணீர். குழந்தைகளுக்கான கல்வி, விவசாயச் செய்தி போன்றவற்றுக்கு ஆதரவு தேவைதான். அது பொதுத் துறையான தூர்தர்ஷனின் கடமை.

சந்தையே விலையைச் சரிசெய்துவிடும் என்பது இரண்டாவது சாக்கு. 2024 ஜூலையில் டிராய் இதைச் சொல்லித்தான் நெட்வொர்க் கட்டணத்தின் உச்சவரம்பையே எடுத்துவிட்டது. எந்தச் சந்தை? அதே 2024 நவம்பரில் ரிலையன்ஸின் வயாகாம்18 நிறுவனமும் ஸ்டார் இந்தியாவும் ஒன்றாக இணைந்தன. நூற்றுக்கும் மேற்பட்ட சேனல்கள் ஒரே கூரையின் கீழ் வந்துவிட்டன. ஊரில் ஒரே கடை என்றால் அங்கே பேரம் ஏது?

கேபிள் எதற்கு, செல்போனில் பார்த்துக்கொள்ளலாம் என்பது மூன்றாவது சாக்கு. போனிலும் ரீசார்ஜோடு சேர்த்து ஆப்களைக் கட்டாகக் கட்டித்தான் விற்கிறார்கள். டேட்டா விற்கிறவனும் சேனல் விற்கிறவனும் ஒரே முதலாளி என்றாகிவிட்ட பிறகு, திண்ணையை விட்டுக் கூடத்துக்குப் போனால் வீட்டுக்காரன் மாறிவிடுவானா?

நாம் கேட்பது

ஒன்று: நெட்வொர்க் கட்டணத்துக்கு மீண்டும் உச்சவரம்பு வேண்டும். எடுக்கும் சேனல்களின் எண்ணிக்கைக்குத் தக்கபடி கட்டணம் இருக்க வேண்டும். இலவசச் சேனல் மட்டும் பார்க்கிறவருக்குப் பெயரளவுத் தொகைதான் இருக்க வேண்டும்.

இரண்டு: கட்டுத் தள்ளுபடிக்கு 15 சதவீத வரம்பு, எந்தக் கோர்ட்டிலும் நிற்கும்படியான சட்டமாக வர வேண்டும். தனி விலையின் பித்தலாட்டத்தை ஒழிக்க வேறு குறுக்கு வழி கிடையாது.

மூன்று: ஒவ்வொரு சேனலின் விலையும் தமிழில் அச்சிட்ட ரசீது வேண்டும். சந்தாதாரர் சம்மதம் இல்லாமல் சேர்த்த சேனலுக்குக் காசு கிடையாது.

நான்கு: கம்பெனிகளுக்குள் தகராறு நடக்கும்போது சந்தாதாரரின் சேனலை நிறுத்தத் தடை வேண்டும்.

ஐந்து: 2004 முதல் மாதக் கட்டணம் இல்லாமல் நடக்கிற தூர்தர்ஷனின் இலவச டிஷ் சேவையில் இந்திச் சேனல்களே மிகுதி. அதில் தமிழ்ச் சேனல்களைப் பெருக்க வேண்டும். அரசு கேபிளைக் குறைந்த கட்டணச் சேவையாகப் பலப்படுத்த வேண்டும்.

கோரிக்கை தானாக நிறைவேறாது. இந்த மாதமே ஒவ்வொரு வீட்டிலும் ரசீதை எடுத்துப் பாருங்கள். பார்க்கிற சேனல் எத்தனை, பணம் கட்டுகிற சேனல் எத்தனை என்று எண்ணுங்கள். லைன் வீடுகளிலும் சேரிகளிலும் பத்துப் பத்து வீடாகக் கணக்கெடுத்துச் சங்கக் கூட்டத்தில் வையுங்கள். டிராய் புதிய உத்தரவு போடுமுன் கருத்துக் கேட்கிறது. கம்பெனிகள் வக்கீல்களை வைத்துப் பக்கம் பக்கமாக எழுதுகின்றன. ஆயிரம் வீடுகளின் ரசீதோடு நம் மனுவும் அந்த மேஜைக்குப் போகட்டும். கேபிள்காரர்களையும் கூட்டத்துக்கு அழையுங்கள். அவர்களுக்கும் இதில் பங்கு உண்டு.

மரக்காலைத் திருத்தியது மிராசுதாரின் மனச்சாட்சி அல்ல. களத்துமேட்டில் கூடி நின்ற கூலியாட்கள்தான் திருத்தினார்கள். இந்த மரக்காலையும் அப்படித்தான் திருத்த வேண்டும்.