ஐந்து சந்தியில் ஒரு மேசை



யாழ்ப்பாணம் வாற பயணிகளுக்கு எல்லாரும் ஒரே வழிதான் காட்டுறாங்க: நல்லூருக்குள்ள ஆம்பிளைகள் சேட்டைக் கழட்டணும், ஒடியற்கூழைப் பிளாவில குடிக்கணும், நண்டுக்கறி, ஐஸ்கிரீம். அதுக்குப் பிறகு ஊர் நித்திரையாம்.

நோன்பு மாசம் சோனகத் தெருவுக்கு வந்தால் தெரியும். தராவீஹ் முடிஞ்சும் சனம் தெருவில நிற்கும். 1990 ஒக்டோபர் 30-ல இரண்டு மணி நேரத்தில வெறுங்கையோட அனுப்பப்பட்ட நாங்க, திரும்பி வந்து மூட்டின அடுப்பில வேகிற கஞ்சி அது.

வழிகாட்டிகளைக் குறை சொல்லி என்ன? வெளியூர் முகம் ஒன்று பள்ளிவாசல் பக்கம் எட்டிப் பார்த்தால் நாங்க கோப்பையை நீட்டுறமா? “ஆர் இது?” என்றுதானே பார்க்கிறம்!

வாற நோன்புக்கு மஃரிப் நேரம் ஐந்து சந்தியில ஒரு மேசை போடுவம். வாறவங்க கஞ்சி குடிக்கட்டும். கேட்டால் தொண்ணூறையும் சொல்லுவம். பானை தரக்கூடியவங்க கீழே எழுதுங்க.