ஒரே நாளில் கோலாலம்பூர்: யாருக்காக இந்த ஓட்டம்?



ஆண்டிறுதி நெருங்கினால் போதும், நம் தமிழ்ப்பள்ளிகளின் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் தவறாமல் ஏறிவிடும். 'கல்விச் சுற்றுலா: கோலாலம்பூர், ஒரு நாள்'. கீழே பட்டியல்: இரட்டைக் கோபுரம், கே.எல். கோபுரம், தேசிய அரும்பொருளகம், மெர்டேக்கா சதுக்கம், தேசிய நினைவுச்சின்னம், பத்துமலை, புத்ராஜெயா, போதாக்குறைக்கு ஒரு பேரங்காடி. எட்டு இடங்கள்! நான் எதிர்ப்பது சுற்றுலாவை அன்று, இந்தப் பட்டியலை.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். சுங்கைப் பட்டாணி வட்டாரத்திலிருந்து தலைநகர் ஏறக்குறைய 350 கிலோமீட்டர். வழியில் பசியாற நிறுத்தினால் பேருந்தில் ஐந்து மணி நேரம். அதிகாலை 3 மணிக்குப் புறப்பட்டு 8 மணிக்குச் சேர்ந்து, மாலை 6 மணிக்குத் திரும்பினால் நகரத்தில் கிடைப்பது பத்து மணி நேரம். நாற்பது பிள்ளைகளை இறக்கி, ஏற்றி, தலை எண்ணி முடிக்க ஓர் இடத்துக்குக் கால் மணி நேரம். எட்டு இடத்துக்கு இரண்டு மணி நேரம். மதிய உணவுக்கு ஒரு மணி நேரம். பத்துமலை நகரின் வடக்கே, புத்ராஜெயா தெற்கே. நெரிசலில் சாலையிலேயே மூன்று மணி நேரம் கரையும். எஞ்சுவது நான்கு மணி நேரம். இடத்துக்கு அரை மணி! அதிலும் பதாகை பிடித்துப் படமெடுக்கப் பத்து நிமிடம் (அறிக்கைக் கோப்புக்குப் படம் வேண்டுமே).

பிறரைக் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. 2019-ஆம் ஆண்டு இப்படியொரு பட்டியலைத் தயாரித்தவன் நானேதான். திரும்பி வந்ததும் கட்டுரை எழுதச் சொன்னேன். ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி, 'கோலாலம்பூரில் பேருந்து நிறுத்தும் இடங்கள் மிகப் பெரியவை' என்று தொடங்கியிருந்தாள். ஒற்றுப்பிழையைச் சிவப்பு மையால் திருத்திவிட்டு அடுத்த ஏட்டை எடுத்தேன். இரவில்தான் உறைத்தது. அவள் குறும்பு செய்யவில்லை. தான் கண்டதை எழுதியிருக்கிறாள். அந்தப் பயணத்துக்கு அவள் தந்தை கட்டிய தொகை 80 வெள்ளி.

"தோட்டப்புறப் பிள்ளை தலைநகரைப் பார்ப்பதே ஒருமுறைதான் சார், எல்லாவற்றையும் காட்டிவிடுங்கள்" என்பார்கள் பெற்றோர். அந்த ஆசையை நான் இகழமாட்டேன். ஆனால் ஒருமுறைதான் என்பதால்தானே அந்த ஒரு நாளைச் சன்னல் வழியே கழிக்க விடக்கூடாது என்கிறேன்?

மஸ்ஜிட் ஜாமெக் அருகே பிள்ளைகளை இறக்கிவிடுங்கள். கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கலக்கும் இடம் அது. 'கோலா' என்றால் என்ன, 'லும்பூர்' என்றால் என்ன என்று அங்கே நின்று கேளுங்கள். மலாய்மொழி அறிந்த நம் பிள்ளைகள் தாமே சொல்வார்கள்: சேற்றுச் சங்கமம்! ஈயம் தேடி வந்தவர்கள் இறங்கிய கரையில் 1909-இல் திறக்கப்பட்ட பள்ளிவாசல் நிற்கிறது. அங்கிருந்து சில நிமிட நடையில் 1897-இல் கட்டி முடிக்கப்பட்ட சுல்தான் அப்துல் சமாட் கட்டடம். எதிரே மெர்டேக்கா சதுக்கம். 1957 ஆகஸ்டு 30 நள்ளிரவில் யூனியன் ஜேக் கொடி இறங்கியது இந்தத் திடலில்தான். மறுநாள் காலை விடுதலை அறிவிக்கப்பட்டதோ மெர்டேக்கா அரங்கில். இரண்டும் ஒரே இடமென்று எண்ணியிருக்கும் ஆசிரியர்களையே நான் கண்டிருக்கிறேன்.

பிறகு லெபோ அம்பாங். நகரத்தார் வட்டிக்கடைகள் நடத்திய தெரு. அப்படியே ஜாலான் துன் எச்.எஸ். லீ சென்றால் 1873-இல் தம்புசாமிப் பிள்ளை நிறுவிய மகாமாரியம்மன் ஆலயம். தைப்பூச வெள்ளிரதம் பத்துமலைக்கு வந்து சேர்வதை நம் பிள்ளைகள் தொலைக்காட்சியில் பார்த்திருப்பார்கள். அது புறப்படும் வாசல் இதுதான் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? தமிழன் இந்த நகரத்துக்கு விருந்தாளியாக வந்தவன் அல்லன் என்பதைப் பாடநூலில் படிப்பது வேறு, அந்தத் தெருவில் நின்று அறிவது வேறு.

இரட்டைக் கோபுரம் வேண்டாமா? வேண்டும். மஸ்ஜிட் ஜாமெக்கிலிருந்து எல்.ஆர்.டி. ஏறினால் மூன்றாவது நிலையம். ஓட்டுநர் இல்லாத இரயில். முன்கண்ணாடியருகே நிற்கப் பிள்ளைகள் முண்டியடிப்பார்கள், விடுங்கள். கோபுரத்தை அண்ணாந்து பார்த்து 452 மீட்டர் என்று குறித்துக்கொள்ளட்டும். அதை விஞ்சிய மெர்டேக்கா 118-இன் உயரம் 678.9 மீட்டர். வேறுபாட்டைக் கணக்கிடச் சொன்னால் கணிதமும் ஆயிற்று.

இவ்வளவுதான் ஒரு நாள். பேருந்தும் பிற்பகல் 3 மணிக்கே ஊர் திரும்பலாம். அதிகாலையிலிருந்து வண்டி ஓட்டியவரை நள்ளிரவு நெடுஞ்சாலையில் நம் நாற்பது பிள்ளைகளோடு அனுப்புவதைப் பற்றி எந்தக் கூட்டத்திலும் ஒருவரும் வாய் திறப்பதில்லை. கட்டணம் ஐந்து வெள்ளி குறையுமா என்றுதான் பேசுகிறோம்.

அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் எட்டு இடப் பட்டியல் மீண்டும் மேசைக்கு வரும். பொறுப்பாசிரியர் என்ற இடத்தில் இம்முறை நான் கையொப்பமிடப் போவதில்லை. ஏனென்று கேட்பவர்களுக்கு அந்த மாணவியின் கட்டுரை ஏட்டைக் காட்டுவேன். படியெடுத்து வைத்திருக்கிறேன்.